மோட்டார் ஏன் மூன்று முறை எரிந்தது?

சித்தூரிலிருந்து பாகாலா செல்லும் வழியில், பிரதான சாலையை விட்டுச் சற்று உள்ளடங்கிய ஒரு கிராமத்தில் என் தங்கை குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. பாதியில் மாமரம், பாதியில் கரும்பு. இரண்டுக்கும் உயிர் ஒரே ஒரு போர்க் கிணறுதான். அந்தப் போரில் இறக்கியிருந்த 5 குதிரைத் திறன் மோட்டார் இரண்டு ஆண்டுக்குள் மூன்று முறை எரிந்துபோயிற்று. மூன்றாம் முறை எரிந்தது நல்ல பங்குனி வெயிலில். கரும்பு வாடத் தொடங்கிவிட்டது.

"மச்சான், மறுபடியும் காயில் போச்சு" என்று தங்கை கணவர் தொலைபேசியில் சொன்னார். மோட்டார் போன வருத்தத்தை விட, ஒரு மனிதர் மீதுள்ள கோபமே அவர் குரலில் அதிகம் தெரிந்தது. காயில் கட்டிக் கொடுத்தவர் அவருடைய பால்ய சிநேகிதர். மட்டமான தாமிரக் கம்பியைச் சுற்றி ஏமாற்றிவிட்டார் என்பது இவருடைய தீர்ப்பு. முப்பது வருடத்து நட்பு அத்துடன் நின்றுபோயிருந்தது.

"வோல்டேஜ் பார்த்தீங்களா மாப்பிள்ளை?" என்று கேட்டேன்.

"பார்க்காம இருப்பேனா? கம்பத்துலயும் 392, ஸ்டார்ட்டர்லயும் 392. வோல்டேஜ்ல ஒரு குறையும் இல்ல."

"மோட்டார் ஓடும்போது பார்த்தீங்களா?"

"மோட்டார்தான் எரிஞ்சு கெடக்கே மச்சான், எப்படி ஓடும்?"

இந்த ஒரு பதிலில் முழு விஷயமும் அடங்கியிருந்தது. ரயில்வேயின் மின்பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அதை நம் வாசக அன்பர்களுக்கு விளங்கச் சொல்லலாம் என்று தோன்றியது. பள்ளியில் படித்து மறந்துபோன இரண்டு சிறு கணக்குகள் போதும். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தவர் எவரும் போட்டுப் பார்க்கலாம்.

மூன்று அளவுகள், இரண்டு கணக்குகள்

வோல்டேஜ் என்று நாம் சொல்வது மின்னழுத்தம். மேல்நிலைத் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைப் போன்றது அது. கரண்டு என்று சொல்வது மின்னோட்டம். குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதைப் போன்றது. இதை ஆம்பியரில் அளக்கிறோம். மூன்றாவது மின்தடை. குழாய் மெலிந்தும் நீண்டும் இருந்தால் தண்ணீர் சிரமப்பட்டு வருகிறதல்லவா, அந்தச் சிரமம்தான் தடை. இதன் அலகு ஓம்.

முதல் கணக்கு: மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை கிடைக்கும். இரண்டாவது கணக்கு: மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் பெருக்கினால் திறன், அதாவது வாட், கிடைக்கும். மீட்டரில் இரண்டு எண்களைப் பார்த்துவிட்டால் நான்கு விஷயங்கள் கைக்கு வந்துவிடும்.

முதல் கணக்கைக் கண்டவர் ஜார்ஜ் சைமன் ஓம். 1789-இல் ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்து, கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். தானே செய்த கருவிகளைக் கொண்டு அளந்து அளந்து கண்டதை 1827-இல் நூலாக வெளியிட்டார். அன்றைய பெரியவர்கள் பலர் அதைப் பொருட்படுத்தவில்லை. மனம் நொந்து வேலையையே விட்டார். பின்னர் 1841-இல்தான் லண்டன் ராயல் சொசைட்டி காப்ளி பதக்கம் கொடுத்துக் கௌரவித்தது. அதே 1841-இல் இங்கிலாந்தில் மதுபானம் காய்ச்சும் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல் என்ற இளைஞர் இன்னொரு உண்மையை வெளியிட்டார். கம்பியில் உண்டாகும் வெப்பம், மின்னோட்டத்தை அதே மின்னோட்டத்தால் பெருக்கி, பிறகு மின்தடையாலும் பெருக்கினால் கிடைக்கும் என்றார். அதாவது மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு, மும்மடங்கானால் ஒன்பது மடங்கு. என் தங்கை வீட்டு மோட்டார் எரிந்ததற்குக் காரணம் இந்த வரியில்தான் இருக்கிறது.

முதலில் வீட்டிலிருந்து தொடங்குவோம்

மார்கழிக் குளிரில் வாளியில் போட்டுத் தண்ணீர் காய வைக்கும் ஹீட்டர் ராடு பல வீடுகளில் இருக்கும். அதன் மேல் 1500 வாட், 230 வோல்ட் என்று எழுதியிருக்கும். 1500-ஐ 230-ஆல் வகுத்தால் 6.5 ஆம்பியர். 230-ஐ 6.5-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 35 ஓம். ஆக, அந்த ராடின் மின்தடை 35 ஓம்.

ஒரு நாள் காலையில் வோல்டேஜ் 180-க்கு இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ராடின் மின்தடை ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். 180-ஐ 35-ஆல் வகுத்தால் சுமார் 5.1 ஆம்பியர். 180-ஐ 5.1-ஆல் பெருக்கினால் சுமார் 920 வாட். வோல்டேஜ் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குதான். திறனோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. 15 லிட்டர் தண்ணீரின் சூட்டை 20 டிகிரி ஏற்ற 230 வோல்ட்டில் 14 நிமிடம் ஆகும். 180 வோல்ட்டில் 23 நிமிடம் ஆகும். "இன்னிக்குத் தண்ணி காயவே மாட்டேங்குது" என்று வீட்டில் சொல்வதற்கு இதுவே காரணம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எல்லாப் பொருளுக்கும் மின்தடை ஒரே மாதிரி இருப்பதில்லை. பழைய 100 வாட் குண்டு பல்பு எரியும்போது அதன் மின்தடை 529 ஓம் என்று கணக்கு சொல்லும். அதையே அணைத்து, ஆறவிட்டு ஓம் மீட்டரில் அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. இழை சூடானால்தான் அதன் தடை ஏறுகிறது. அதனால்தான் பழைய பல்புகள் பெரும்பாலும் ஸ்விட்சைப் போடும் கணத்திலேயே போயின. ஒரு பொருள் வேலை செய்யும்போது அளப்பது வேறு, சும்மா கிடக்கும்போது அளப்பது வேறு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் கம்பி. 2000 வாட் கீஸர் 8.7 ஆம்பியர் இழுக்கும். மெயின் போர்டிலிருந்து குளியலறை 20 மீட்டர் என்றால், போகவும் வரவும் 40 மீட்டர் கம்பி. விளக்குக்குப் போடும் 1 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பியையே கீஸருக்கும் போட்டுவிட்டால் அதன் மின்தடை சுமார் 0.69 ஓம். 8.7-ஐ 8.7-ஆல் பெருக்கி 0.69-ஆலும் பெருக்கினால் 52 வாட். சுவருக்குள் யாருக்கும் தெரியாமல் 52 வாட் வெப்பம் எரிந்துகொண்டிருக்கும். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பி போட்டால் இது 21 வாட்டாகக் குறையும்.

இன்னும் ஆபத்தானது தளர்ந்த திருகு. பிளக்கினுள் ஒரு திருகு சரியாக முறுக்கப்படாமல் 0.2 ஓம் தடை உண்டானால், அதே 8.7 ஆம்பியருக்கு அந்த ஒரு புள்ளியில் மட்டும் 15 வாட் வெப்பம். பதினைந்து வாட் என்ன பிரமாதம் என்று நினைக்கக் கூடாது. ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயத்தை உருக்கப் பிடிக்கும் சால்டரிங் கோல் 25 வாட்தான். பிளக்கைத் தொட்டால் சுடுகிறது என்றால், அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

மோட்டாரின் குணம் தலைகீழ்

ஹீட்டருக்கு வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் குறையும். ஆகையால் வேலை மெதுவாக நடக்கும், ஆனால் ஹீட்டர் கெடாது. மோட்டார் அப்படியல்ல. போரின் ஆழத்திலிருந்து இத்தனை தண்ணீரை இத்தனை உயரம் தூக்கியாக வேண்டும் என்ற பாரம் அதன் தலையில் இருக்கிறது. வோல்டேஜ் குறைந்தால், அந்தக் குறையைக் கரண்டை அதிகம் இழுத்து ஈடு செய்யப் பார்க்கும். அரை வயிற்றுச் சாப்பாடு போட்டாலும் அதே மூட்டையைத் தூக்கும் விசுவாசமான வேலைக்காரனைப் போல. கடைசியில் அவன்தான் படுத்துவிடுவான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மோட்டாருக்குள் இருப்பது வெறும் மின்தடை அல்ல. காந்தப் புலத்தை உண்டாக்குவதற்காகவும் அது கொஞ்சம் கரண்டை வாங்கித் திருப்பிக் கொடுக்கிறது. எனவே வோல்டேஜையும் கரண்டையும் நேராகப் பெருக்கினால் வருவது முழுவதும் உண்மையான வாட் ஆகாது. அதைத் திறன்காரணி என்ற எண்ணால் பெருக்க வேண்டும். நம் வயல் மோட்டார்களுக்கு அதை 0.8 என்று வைத்துக்கொண்டால் பெரிய தவறு வராது. மூன்று ஃபேஸ் என்பதால் 1.732 என்ற எண்ணாலும் பெருக்க வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும்.

வயலில் போட்ட கணக்கு

காயில் கட்டிய மோட்டாரை மறுபடி போரில் இறக்கும் நாளில் நானும் போயிருந்தேன். வோல்ட் மீட்டரும், கம்பியைக் கவ்விப் பிடித்துக் கரண்டைக் காட்டும் டாங் டெஸ்டரும் கையில் இருந்தன. உள்ளூர் எலக்ட்ரீஷியனும் உடன் இருந்தார்.

மோட்டாரைப் போடாமல் முதலில் அளந்தோம். கம்பத்தடியில் 392 வோல்ட், ஸ்டார்ட்டரில் 392 வோல்ட். மாப்பிள்ளை என்னைப் பார்த்த பார்வையில் "நான் சொல்லவில்லையா" என்பது இருந்தது. பிறகு மோட்டாரைப் போடச் சொன்னேன். தண்ணீர் வந்தது. கம்பத்தடியில் 390. ஸ்டார்ட்டரில் 358. டாங் டெஸ்டரில் 11 ஆம்பியர். மோட்டாரின் பெயர்த்தகட்டில் 415 வோல்ட்டுக்கு 9.5 ஆம்பியர் என்று இருந்தது.

32 வோல்ட் எங்கே போயிற்று? கம்பத்துக்கும் ஸ்டார்ட்டருக்கும் நடுவே இருந்தது கம்பி ஒன்றுதான்.

பழைய போர் கம்பத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. பத்து வருடம் அங்கே ஒரு தொல்லையும் இல்லாமல் மோட்டார் ஓடியது. அது வற்றியபின் நிலத்தின் மறுகோடியில் புதுப் போர் போட்டார்கள். கம்பத்திலிருந்து 300 மீட்டர். அவ்வளவு தூரத்துக்குத் தடித்த கம்பி வாங்கக் கை வரவில்லை. 4 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கம்பியை இழுத்துவிட்டார்கள். மோட்டார் எரியத் தொடங்கியது அதன் பிறகுதான். ஆனால் இரண்டையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

அங்கேயே ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டேன். 32 வோல்ட்டை 1.732-ஆல் வகுத்தால் ஒரு கம்பிக்கு 18.5 வோல்ட். அதை 11 ஆம்பியரால் வகுத்து, திறன்காரணி 0.8-ஆலும் வகுத்தால் 2.1 ஓம். ஒவ்வொரு கம்பியின் மின்தடையும் 2.1 ஓம்.

இது சரிதானா என்று வேறு வழியிலும் சோதிக்கலாம். ஒரு மீட்டர் நீளமும் 1 சதுர மில்லிமீட்டர் பருமனும் உள்ள அலுமினியக் கம்பியின் மின்தடை சுமார் 0.028 ஓம். தாமிரத்துக்கு இது 0.017 தான். 0.028-ஐ 300-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 2.1 ஓம். மீட்டர் சொன்னதும் கம்பியின் நீளமும் பருமனும் சொன்னதும் ஒன்றாக வந்தன. இரண்டு சாட்சிகள் தனித்தனியே ஒரே வாக்குமூலம் கொடுத்தால் வழக்கு முடிந்தது போலத்தான்.

அடுத்து ஜூல் சொன்ன கணக்கு. 11-ஐ 11-ஆல் பெருக்கினால் 121. அதை 2.1-ஆல் பெருக்கினால் 254 வாட். மூன்று கம்பிகளுக்கும் சேர்த்து 762 வாட். ஒரு குதிரைத் திறன் என்பது 746 வாட். ஐந்து குதிரை மோட்டாருக்காக ஒரு முழுக் குதிரையைக் கம்பியிலேயே எரித்துக்கொண்டிருந்தோம். நாளைக்கு 7 மணி நேரம், வருடத்துக்கு 200 நாள் என்று வைத்தால் ஆயிரம் யூனிட்டுக்கு மேல்.

மோட்டாரின் கதையைப் பார்ப்போம். 9.5 ஆம்பியர் ஓட வேண்டிய காயிலில் 11 ஓடுகிறது. கரண்டு 16 சதவீதம்தான் கூடுதல். வெப்பமோ 34 சதவீதம் கூடுதல். கம்பத்திலேயே வோல்டேஜ் 360-க்கு இறங்கும் நேரங்களும் உண்டு. அப்போது மோட்டாருக்குக் கிடைப்பது சுமார் 325 வோல்ட். கரண்டு 12-ஐத் தாண்டும். காயிலில் வெப்பம் 60 சதவீதம் கூடிவிடும். காயிலின் காப்புப் பொருளுக்குத் தாங்கும் சூட்டுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்பொறியாளர்கள் கைக்கொள்ளும் பொது விதி. பத்து வருடம் வர வேண்டிய காயில் பத்து மாதத்தில் போவதில் ஆச்சரியம் ஏது?

ஸ்டார்ட்டரில் உள்ள ஓவர்லோடு ரிலே இதைத் தடுத்திருக்க வேண்டாமா என்று விவரம் தெரிந்த அன்பர்கள் கேட்பார்கள். நானும் அதைத்தான் கேட்டேன். "அது அடிக்கடி விழுந்துக்கிட்டே இருந்தது மச்சான். அதான் 13-க்கு ஏத்தி வெச்சுட்டேன்" என்றார். நாய் குரைக்கிறதென்று அதன் வாயைக் கட்டிவிட்டுத் திருடன் வந்துவிட்டானே என்று புலம்புவது போல இருந்தது. அது விழுந்ததே நம்மைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

சும்மா இருக்கும்போது அளந்தால் ஏன் 392 காட்டியது? விடை எளிது. கம்பியில் இழக்கும் வோல்டேஜ் என்பது கரண்டை மின்தடையால் பெருக்கி வருவது. கரண்டே ஓடவில்லை என்றால் இழப்பும் இல்லை. பூஜ்யத்தை எதனால் பெருக்கினாலும் பூஜ்யம்தானே. குழாய் எவ்வளவு மெலிதாக இருந்தாலும், திறக்காத வரை அழுத்தம் முழுதாகவே காட்டும். வோல்டேஜை மட்டும் பார்த்தவர் ஏமாந்தது இதனால்தான். வோல்டேஜும் கரண்டும் ஒரே நேரத்தில், பாரம் ஓடும்போது, இரண்டு முனையிலும் அளக்கப்பட்டால்தான் உண்மை வெளிவரும்.

இதே கணக்கு, பெரிய அளவில்

நம் பகுதிக் கிராமங்களில் "கரெண்டு உந்தி, வோல்டேஜ் லேது" என்று தெலுங்கில் சொல்வதைக் கேட்காதவர் இருக்க மாட்டார்கள். கரண்டு இருக்கிறது, வோல்டேஜ் இல்லை. இது ஒரு வீட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. முன்பெல்லாம் ஒரு பெரிய டிரான்ஸ்ஃபார்மரை ஊரருகே வைத்து, அதிலிருந்து 415 வோல்ட் கம்பிகளை வெகுதூரம் இழுத்துப் பல மோட்டார்களுக்குக் கொடுப்பார்கள். கடைக்கோடி வயலுக்குப் போகும்போது வோல்டேஜ் களைத்துப்போயிருக்கும். என் தங்கை வயலில் நடந்ததுதான் ஊர் முழுவதற்கும் நடந்தது.

இதற்கு மாற்று என்ன? ஒரே அளவு திறனை அதிக வோல்டேஜில் அனுப்பினால் கரண்டு குறையும். கரண்டு குறைந்தால் அதன் இரட்டைப் பெருக்கமாக இழப்பும் குறையும். 415 வோல்ட்டுக்குப் பதிலாக 11,000 வோல்ட்டில் அனுப்பினால் வோல்டேஜ் 26 மடங்குக்கு மேல் கூடுகிறது, கரண்டு அந்த அளவுக்குக் குறைகிறது. அதே கம்பியில் இழப்பு சுமார் 700-இல் ஒரு பங்காகிவிடும். ஆந்திராவில் 2004-இல் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்தது. அந்தப் பத்தாண்டுகளில்தான், திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட ஆந்திரப் பிரதேச தெற்கு மின் விநியோக நிறுவனம் உட்பட மாநிலத்தின் மின் நிறுவனங்கள், 11,000 வோல்ட் கம்பிகளை வயல்களுக்குள்ளேயே கொண்டுபோய், இரண்டு மூன்று மோட்டார்களுக்கு ஒன்று என்று சிறு டிரான்ஸ்ஃபார்மர்களை வைக்கும் முறையைப் பரவலாகக் கொண்டுவந்தன. வயல் நடுவே இரட்டைக் கம்பத்தில் அமர்ந்திருக்கும் அந்தச் சிறு பெட்டிகளைப் பேருந்தில் போகும்போது நீங்கள் பார்த்திருப்பீர்கள். அது ஓம் விதியும் ஜூல் விதியும் கம்பத்தில் ஏறி உட்கார்ந்திருக்கும் காட்சி. ஒரு டிரான்ஸ்ஃபார்மர் பழுதானால் ஊரே தவிக்காமல் இரண்டு மூன்று பேரோடு போகும் என்பது கூடுதல் நன்மை.

ரயிலும் இதே பாடத்தைத்தான் படித்தது. பம்பாயில் 1925-இலும் சென்னையில் 1931-இலும் மின்சார ரயில் தொடங்கியபோது மேல்கம்பியில் 1,500 வோல்ட் நேர் மின்சாரம் ஓடியது. சென்னை கடற்கரை - தாம்பரம் தடத்தில் அது 1960-களின் பிற்பகுதியில் 25,000 வோல்ட் மாறு மின்சாரமாக மாற்றப்பட்டது. பம்பாயிலோ இந்த மாற்றம் 2016-இல்தான் முழுமையாயிற்று. இன்று திருப்பதிக்குப் பக்தர்களை ஏற்றி வரும் ரயில்களுக்கு மேலே ஓடுவதும், பாகாலா, சித்தூர் வழியாகக் காட்பாடி போகும் தடத்தில் ஓடுவதும் இந்த 25,000 வோல்ட்தான்.

ஏன் என்று பார்ப்போம். ஓர் எஞ்சின் 5000 குதிரைத் திறன் வாங்குகிறது என்றால் சுமார் 3,750 கிலோவாட். திறன்காரணியை ஒதுக்கிவிட்டுத் தோராயமாகக் கணக்கிட்டால், 1,500 வோல்ட்டில் இதற்கு 2,500 ஆம்பியர் வேண்டும். 25,000 வோல்ட்டில் 150 ஆம்பியர் போதும். ஒரே கம்பி என்றால் இழப்பு 270-இல் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அதனால்தான் பழைய முறையில் சில கிலோமீட்டருக்கு ஒரு துணை மின்நிலையம் தேவைப்பட்ட இடத்தில், இப்போது பல பத்து கிலோமீட்டருக்கு ஒன்று போதுமாகிறது. கம்பியும் மெலிதாக இருக்கலாம். ஒரு விவசாயி வயலில் போட்ட கணக்கும், ரயில்வே வாரியம் போட்ட கணக்கும் ஒன்றேதான். எண்கள் மட்டும் பெரியவை.

பிறகு என்ன ஆயிற்று?

மாப்பிள்ளை அந்தக் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறு மாதம் 16 சதுர மில்லிமீட்டர் அலுமினியக் கேபிள் இழுத்தார்கள். மூன்று முறை மோட்டாரை வெளியே எடுத்து, காயில் கட்டி, மறுபடி இறக்கிய செலவைக் கூட்டிப் பார்த்தால், கேபிளின் விலை ஏறக்குறைய அதே அளவுதான். வாடிய கரும்பு இதில் சேரவில்லை.

புதுக் கேபிளின் மின்தடை கணக்குப்படி 0.525 ஓம், அதாவது முன்னதில் நான்கில் ஒரு பங்கு. மோட்டாரைப் போட்டு அளந்தோம். கம்பத்தடியில் 390 இருக்கும்போது ஸ்டார்ட்டரில் 382 வோல்ட். கரண்டு 10.3 ஆம்பியர். கம்பியில் இழப்பு 762 வாட்டிலிருந்து 167 வாட்டாக இறங்கிவிட்டது. ரிலேயைப் 10.5-க்கு இறக்கி வைத்தேன். "வோல்டேஜ் ரொம்பக் குறைஞ்சா இது விழும் மாப்பிள்ளை, விழட்டும். தண்ணி ஒரு மணி நேரம் தாமதமா வரும், மோட்டார் இருக்கும்" என்றேன். ஸ்டார்ட்டரோடு சரியான அளவு கப்பாசிட்டரும் பொருத்தச் சொன்னேன். மோட்டார் வாங்கித் திருப்பிக் கொடுக்கும் அந்தக் காந்தக் கரண்டை அருகிலிருந்தே அது கொடுத்துவிடும். நீண்ட கம்பி வழியே வர வேண்டிய கரண்டு இன்னும் குறையும். திறன்காரணி 0.8-லிருந்து 0.95 ஆனால் கம்பி இழப்பில் மேலும் கால் பங்குக்கு மேல் மிச்சம்.

அன்று மாலை நாங்கள் இருவரும் காயில் கட்டும் அந்த நண்பரின் கடைக்குப் போனோம். மாப்பிள்ளை கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். பிறகு காகிதத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். நண்பர் அதைப் பார்த்துவிட்டு, "முதல் தடவையே கேட்டேனே, கம்பத்துக்கும் போருக்கும் எவ்வளவு தூரம்னு. நீ பதிலே சொல்லல" என்றார். அதற்கு மேல் யாரும் ஒன்றும் பேசவில்லை. தேநீர் வந்தது. அந்த வருடம் மாங்காய் அறுத்தபோது முதல் கூடை அவர் வீட்டுக்குத்தான் போயிற்று என்று தங்கை சொன்னாள். அந்த மோட்டார் இன்றும் ஓடுகிறது.

வாசக அன்பர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். 415 வோல்ட் விளையாட்டுப் பொருள் அல்ல. வீட்டில் உள்ள 230 வோல்ட்டும் அல்ல. மீட்டரைப் பிடித்து அளக்கும் வேலையை எலக்ட்ரீஷியனிடமே விட்டுவிடுங்கள். ஆனால் கேள்வி கேட்பது நம் வேலை. "மோட்டார் ஓடும்போது இரண்டு முனையிலும் வோல்டேஜ் எவ்வளவு? அப்போது கரண்டு எவ்வளவு? பெயர்த்தகட்டில் எவ்வளவு?" என்று கேட்டு, எண்களைக் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். வகுத்தால் தடை, பெருக்கினால் திறன். உங்கள் வீட்டுப் பள்ளிப் பிள்ளையே இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுப்பான். பாடப் புத்தகத்தில் இருக்கும் ஓம் விதி தன் தாத்தாவின் வயலில் தண்ணீர் பாய்ச்சுகிறது என்று அவனுக்கும் ஒரு நாள் தெரியட்டும்.

குற்றத்தை ஒருவர் மேல் சுமத்துவதற்கு முன்னால் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டால், மோட்டாரும் தப்பும், மனிதர்களும் தப்புவார்கள்.